எல்லாப் பக்கமும் கேட்கும் மைக்

போன மாதம் எங்கள் சபைப் பாடகர் குழுவில் இருக்கும் ஜெனிட்டா எனக்குப் போன் செய்தாள். வீட்டில் ஓர் அறையைக் காலி செய்து பாட்டுப் பதிவு செய்யப் போகிறாளாம். கையில் இருக்கும் பணத்துக்கு ஒரே ஒரு மைக்தான் வாங்க முடியும். பாட்டு, பேச்சு, கிட்டார், டோலக் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதுமானதாக இருக்க வேண்டும். எதை வாங்கலாம் என்று கேட்டாள். எனக்குப் போனில் பேச வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எழுத உட்கார்ந்தால் நான்கு வரிக்குமேல் போகவில்லை. ஒரே மைக், எல்லாவற்றுக்கும் ஆக வேண்டும், விலையும் கம்மியாக இருக்க வேண்டும். இதே வார்த்தைகளைத்தான் எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுத்தந்த தேவசகாயம் சாரும் நாற்பது வருடத்துக்கு முன்னால் சொன்னார். சொன்னது போலவே ஒன்றை வாங்கியும் வந்தார். அந்த மைக் செய்த காரியத்தை நான் இன்றும் மறக்கவில்லை. அதை எழுதாமல் மைக்கைப் பற்றி எதையும் எழுத என்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது. அதனால் அதையே எழுதுகிறேன். அந்த வீட்டார் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் எட்டு மாதம் இருந்தேன். தேவசகாயம் சார் அங்கே ஸ்டோர் கீப்பர். வேலையை விட்டுவிட்டுத் தன் வீட்டின் பின் அறையில் ரெக்கார்டிங் ஆரம்பித்தார். பெண்கள் வந்தால் உடன் இருக்க ஒரு பெண் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். எனக்கு இந்தத் தொழிலில் அரிச்சுவடிகூடத் தெரியாது. என் அம்மாவிடம் அவர் சொன்ன காரணம், "வாயைத் திறக்காத பொண்ணு, அதான் வேணும்" என்பது. இயந்திரத்தை ஓட்டவும் நாடாவை ஒட்டவும் மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டேன். அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

அந்த அறையின் சுவர்களில் சார் முடி போகாத ஆட்டுத் தோல்களை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார். தோல் பதனிடும் டேனரிகளில் ரிஜெக்ட் ஆனவை. எதிரொலி வராமல் இருக்க அதைவிட மலிவாக வேறு எதுவும் எங்கள் ஊரில் கிடைக்காது. மழைக்காலத்தில் அறை முழுக்க வாடை வீசும். வேலூரில் இருந்து வந்த ஒரு பாட்டு வாத்தியார் கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, "வாசனையும் கேசட்ல போகுமா சார்?" என்று கேட்டார். அதுக்கு எக்ஸ்ட்ரா ஆகும் என்றார் சார், சிரிக்காமல்.

சபைப் பாட்டு வரும், கல்யாண வாழ்த்து வரும், பிரியாணிக் கடை விளம்பரம் வரும். எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது பேச்சுக் கேசட். ஊரில் இருந்து நிறைய ஆண்கள் சவுதிக்கும் துபாய்க்கும் போன காலம். போன் வசதி கிடையாது. குடும்பமே வந்து உட்கார்ந்து கேசட்டில் பேசும். அந்தப் பக்கம் யாராவது பயணம் போனால் அவர் கையில் கேசட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். அங்கே இருக்கிறவனும் இதே மாதிரி பேசி அனுப்புவான். வீட்டில் டேப் ரெக்கார்டர் வைத்திருந்தவர்கள்கூட எங்களிடம் வந்தார்கள். எங்கள் கேசட்டைக் கேட்டால் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும் என்று பெயர்.

பேச்சுக் கேசட்டுக்கு சார் மூன்று சட்டம் வைத்திருந்தார்.

முதலாவது, அவர்கள் பேசும்போது ஹெட்போன் போடக்கூடாது. மெஷினில் சத்தத்துக்கு ஏற்ப அசையும் முள் ஒன்று உண்டு. அதை மட்டும் பார்த்து ஏற்றக் குறைக்க வேண்டும். "தபால்காரன் லெட்டரைப் படிக்க மாட்டான். நாமளும் தபால்காரங்கதான். முள்ளைப் பாரு, பேச்சைக் கேக்காதே" என்பார். முன்னால் உட்கார்ந்திருக்கும்போது காதில் விழுவதை என்ன செய்வது என்று நான் கேட்டதில்லை. ஆனால் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தால் பேச்சு தூரமாகப் போய்விடும்.

இரண்டாவது, நடுவில் ஸ்டாப் அழுத்தக்கூடாது. நிறுத்தி மறுபடி ரெக்கார்ட் அழுத்தினால் நாடாவில் 'டொக்' என்று ஒரு சின்னச் சத்தம் விழும். கேட்பவனுக்கு, இங்கே எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். யாராவது அழுதாலும், குழந்தை வீறிட்டாலும், பேச்சு நின்றுபோனாலும் நாடா ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்றாவது, முதலில் எங்கள் சொந்தக் கேசட்டில் பதிவு செய்து, பிறகு அவர்கள் வாங்கித் தந்த நல்ல கேசட்டில் நகல் எடுப்போம். நகல் எடுக்கும்போதும் முள்தான். ஆரம்பத்தில் பத்து விநாடி, கடைசியில் பத்து விநாடி மட்டும் காதில் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். எங்கள் கேசட்டை அடுத்த வேலைக்கு அழித்துவிடுவோம்.

இந்தச் சட்டங்களில் நான் ஒரு குறையும் காணவில்லை. இப்போதும் அவற்றைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்களுக்குத் தொல்லையாக இருந்தது மைக்தான். இருந்தது ஒன்றே ஒன்று. கல்யாண வீட்டு மைக் செட்டில் வருமே, குண்டுத் தலை மைக், அது. வாய்க்கு நான்கு விரல் தூரத்தில் வைத்துப் பேசினால் கணீரென்று எடுக்கும். ஒரு முழம் தள்ளிப்போனால் ஆள் கிணற்றுக்குள் போய்விடுவான். பெண்களுக்கு அது ஒத்துவரவில்லை. எத்தனையோ ஆண்கள் எச்சில் தெறிக்கப் பேசிய மைக்கில் வாயை வைக்கக் கூசுவார்கள். துப்பட்டாவை உதட்டுக்குமேல் இழுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிப் பேசுவார்கள். நான் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்கள் வாய் போகும் பக்கமெல்லாம் போவேன். நான்கு பேர் சேர்ந்து பாட வந்தால் இன்னும் கஷ்டம். ஆளுக்கொரு மைக் வாங்க சாரிடம் பணம் இல்லை.

ஒருநாள் இருவரும் மெட்ராஸுக்குப் போனோம். என்னை அழைத்துப் போனதற்குக் காரணம், பெண்களைப் பதிவு செய்கிறவள் காதால் கேட்காமல் மைக் வாங்கக்கூடாது என்று அவர் நினைத்தது. கடைக்காரர் எங்கள் பணத்துக்குத் தக்கபடி இரண்டு மைக்குகளை மேசைமேல் வைத்தார். சார் பையில் இருந்து ஒரு சாவிக்கொத்து, ஒரு தீப்பெட்டி, உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு மெல்லிய தோல் ஆகியவற்றை எடுத்தார். கடைக்காரர் ஹலோ ஹலோ என்று மைக்கை ஊதப் போனார். சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஊதினால் உள்ளே இருக்கும் ஜவ்வு கெட்டுவிடும் என்று அவருக்கு எப்போதும் பயம்.

முதலில் ஒரு முழத்தில் சாவியைக் குலுக்கினார், பிறகு இரண்டு முழத்தில். பிறகு தீக்குச்சி கிழித்தார். பிறகு அந்தத் தோலின் சொரசொரப்பான பக்கத்தைப் பெருவிரலால் மெதுவாகத் தடவினார். நான் ஹெட்போனில் கேட்டுச் சொல்ல வேண்டும். தோலைத் தடவும் சத்தத்தை எடுக்கிற மைக், வெட்கப்படுகிற பெண்ணின் குரலையும் எடுக்கும் என்பது அவர் கணக்கு. இதை மைக்கின் முன்னால், பக்கத்தில், முதுகுப்புறம் என்று மூன்று தடவை செய்தார்.

முதல் மைக் நல்ல கெட்டியான சாமான். முன்னால் இருப்பதை மட்டும் எடுத்தது. முதுகுப்புறம் சாவியைக் குலுக்கினால் ஒன்றுமே இல்லை. இரண்டாவது விரல் தடிமனில் ஒரு சின்னக் குழாய். உள்ளே பென்சில் பேட்டரி ஒன்று போட வேண்டும். அதில் எந்தப் பக்கம் தடவினாலும் தோலின் சத்தம் என் காதுக்குள்ளேயே தடவுவது போல இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சொன்னேன்.

"எல்லாப் பக்கமும் காது" என்றார் சார். "நடுவுல இதை வச்சு நாலு பேரைச் சுத்தி நிக்க வச்சா மூணு மைக் மிச்சம். டோலக்குக்கும் இதுவே, பேச்சுக்கும் இதுவே. இன்னா சொல்ற எஸ்தர்?"

நான் தலையாட்டினேன். வாங்கிக்கொண்டு ரயில் ஏறினோம். வழியெல்லாம் அவர் அதைச் சட்டைப் பைக்குள் கை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். மறுநாள் அதற்கு மெல்லிய ஆட்டுத் தோலில் உறை தைத்தார்.

அந்த மைக் வந்த ஒரு வாரத்துக்குள் கதீஜாம்மா வீட்டில் இருந்து ஆள் வந்தது.

கதீஜாம்மா எங்களிடம் அடிக்கடி வருபவர். வீட்டில் தமிழ் பேசும் குடும்பம். ஒரே மகன் ரஃபீக் சவுதியில் ரோடு போடும் கம்பெனியில் இருந்தான். கதீஜாம்மாவின் கணவர், ரஃபீக்குக்கு அத்தா, ஒரு டேனரியில் மேஸ்திரி. எல்லாக் கேசட்டிலும் கடைசியாகப் பேசுவார். "தொழுகையை விடாதே, வெய்யில்ல தலைக்குத் துணி கட்டு" என்பதோடு முடித்துக்கொள்வார். எனக்குத் தெரிந்து அவர் அதற்குமேல் பேசியதில்லை.

அவர் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கணவன் இறந்தால் அவர்களில் பெண்கள் நான்கு மாதம் பத்து நாள் வெளியே வரமாட்டார்கள், வெளி ஆண்களைப் பார்க்கவும் மாட்டார்கள். அதனால் வீட்டுக்கே வந்து பதிவு செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார்கள். சார் போக முடியாது. நான் கையில் தூக்கிப் போகும் சின்ன மெஷினையும் புது மைக்கையும் எடுத்துக்கொண்டு போனேன்.

போனபிறகுதான் விஷயம் தெரிந்தது. ரஃபீக்குக்கு அவர்கள் சாவைச் சொல்லவில்லை. அவன் பாஸ்போர்ட் கம்பெனியிடம். காண்ட்ராக்ட் முடிய இன்னும் ஒன்றரை வருடம். சொன்னால் பாதியில் விட்டுவிட்டு ஓடிவரப் பார்ப்பான், கம்பெனிக்காரர்கள் விடமாட்டார்கள், அந்தப் பாலைவனத்தில் தனியாக உட்கார்ந்து என்ன ஆவானோ என்று பயம். அவன் வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். அங்கே அவனோடு எங்கள் ஊர்க்காரர் யாரும் இல்லை என்பது அவர்களுக்குத் தைரியம். எங்கள் பக்கத்தில் அப்போது பல வீடுகளில் இப்படித்தான் செய்தார்கள். அதை யாரும் பொய் என்று நினைக்கவில்லை.

கதீஜாம்மா வெள்ளைத் துப்பட்டாவில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மருமகள் ஷமீம் மடியில் குழந்தை. கதீஜாம்மாவின் தம்பியும் இருந்தார், எல்லாருக்கும் அவர் மாமு. நான் மைக்கைக் கட்டில்மேல் ஒரு தலையணையில் வைத்தேன். யாரும் வாயைக் கிட்டே கொண்டுவர வேண்டாம், இருந்த இடத்திலேயே பேசலாம் என்றேன். அவர்கள் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

கதீஜாம்மா பேசினார். அத்தாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்றார். குரல் நடுங்கவில்லை. பிறகு மாமுவைப் பார்த்தார். மாமு இருமினார், இரண்டு தடவை. இறந்தவர் எப்படி இருமுவாரோ அப்படியே. ஷமீம் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. மாமு ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பினார். கதீஜாம்மா எழுந்து உள்ளறைக்குப் போய்த் திரையை இழுத்துவிட்டார். ஷமீம் பேசிக்கொண்டிருந்தாள். குழந்தைக்குப் பல் முளைத்ததைச் சொல்லும்போது குழந்தை சிணுங்கியது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் போய்வந்தாள். இரண்டு மூன்று நிமிடம் யாரும் பேசவில்லை. சட்டப்படி நான் நிறுத்தவில்லை. அப்போது முள் நடுங்கியது. கொஞ்சம் எழும், விழும், மறுபடி எழும். அந்த வீட்டுக்குப் பின்சுவரை ஒட்டி ஒரு டேனரி. தோலைப் போட்டுச் சுற்றுகிற பெரிய மர டிரம் தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ரெக்கார்டிங் அறைக்கு வந்து முள்ளைப் பார்த்து நகல் எடுத்தேன். முதல் பத்து விநாடியும் கடைசிப் பத்து விநாடியும் சுத்தமாக இருந்தன. மாமு வந்து வாங்கிப் போனார். மறுநாள் பம்பாய் ரயிலில் ஏறுகிற ஒருவரிடம் கேசட் போனது.

ஐந்தாறு நாள் கழித்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பாட வந்தார்கள். பாட்டுக்கு ஹெட்போன் போடலாம். பிள்ளைகளைச் சுற்றி நிறுத்திவிட்டு, சத்தம் போடாமல் நில்லுங்கள் என்றேன். நின்றார்கள். என் காதில் ஒரு பெண் குரல் கேட்டது. "உப்பு கம்மியா இருக்கு, நீயே பாரு." சாரின் மனைவி. நடுவில் ஒரு கூடமும் இரண்டு கதவும் இருந்தன. அவர் சமையலறையில் தன் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தார். ஹெட்போனைக் கழற்றினேன், ஒன்றும் கேட்கவில்லை. மாட்டினேன், அவர் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

முள்ளைப் பார்த்தேன். கொஞ்சம் எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது.

அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. ஜும்ஆ நேரத்தில் அந்த டேனரி ஓடாது. ஆட்கள் தொழுகைக்குப் போய்விடுவார்கள். அன்று டிரம் நின்றிருந்தது.

பிள்ளைகளை எப்படிப் பாட வைத்து அனுப்பினேன் என்று நினைவில்லை. எங்கள் கேசட் அழிக்காமல் டிராயரில் கிடந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து முதல் தடவையாகச் சட்டத்தை மீறினேன். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு அந்த இடத்துக்கு ஓட்டினேன். எங்கள் சின்ன மெஷினுக்கு ஒரு குணம் உண்டு. சத்தம் குறைந்தால் அது தானாகவே கூட்டிக்கொள்ளும். ஷமீம் எழுந்துபோன காலடிச் சத்தம் தேய்ந்தது. இரைச்சல் மெல்ல ஏறியது. அதற்குள்ளிருந்து கதீஜாம்மாவின் குரல் வந்தது.

"நீங்க பாட்டுக்குப் போய்ட்டீங்க. நீங்க இருக்கீங்கன்னு உங்க பிள்ளைகிட்ட இப்பதான் சொல்லிட்டு வர்றேன். உங்க மய்யத்துக்குப் பக்கத்துல உக்காந்து அழுத வாய் இது. இந்த வாயாலயே அதையும் சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க. எனக்கு வேற வழி தெரியல."

பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு ஷமீம் திரும்பிவரும் காலடி.

சார் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். கேட்டு முடித்தவர் அதைக் கழற்றி மேசைமேல் வைத்தார். உடனே செருப்பைப் போட்டுக்கொண்டு, சவுதிக்குக் கேசட்டைக் கொண்டுபோனவர் வீட்டுக்கு ஓடினார். அவர் விமானம் ஏறி மூன்று நாளாகியிருந்தது.

"நான் போய்ச் சொல்லிடறேன்" என்றார் சார். ஆனால் யாரிடம் சொல்வது? கதீஜாம்மாவை அவர் பார்க்க முடியாது. மாமுவிடமோ ஷமீமிடமோ சொன்னால், அந்த அம்மா திரைக்குப் பின்னால் செத்தவரிடம் பேசியதைக் காட்டிக்கொடுத்தது போல ஆகும். அவரிடம் சொல்லக் கூடியவள் ஊரிலேயே நான் ஒருத்திதான். சார் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

மூன்று தடவை அந்தத் தெரு வரைக்கும் போனேன். ஒரு தடவை வாசலிலேயே நின்றேன். ஷமீம் உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன். கடைக்காரரிடம் விலை கேட்கவே கூசுகிறவள் நான். இதை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? உங்களுக்கு மட்டும் என்று நீங்கள் சொன்னதை உங்கள் மகனுக்கு அனுப்பிவிட்டேன் என்றா? ஒன்றரை மாதம் அப்படியே போனது. அந்தப் பையன் எங்கே உட்கார்ந்து கேட்டான், கேட்டதும் என்ன செய்தான் என்பதே நினைப்பாக இருந்தது.

பிறகு ஒருநாள் மாமுவும் ஷமீமும் வந்தார்கள். ரஃபீக்கிடம் இருந்து கேசட் வந்திருந்தது. வீட்டு டேப் ரெக்கார்டரில் போட்டதும் நாடா சிக்கிக் கசங்கிவிட்டது. ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, சரிசெய்து கொடுங்கள் என்றார்கள். நாடாவை வேறு கூட்டுக்குள் மாற்றினேன். சிக்கலெடுத்த நாடாவைக் காதில் கேட்டுத்தான் சரிபார்க்க முடியும். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அவன் வீட்டார் கேட்பதற்கு முன்பே நான் கேட்கப் போகிறேன்.

சலாம் சொன்னான். உடம்பு நன்றாக இருக்கிறது என்றான். ஷமீமைக் கேட்டான், பிள்ளையின் பல்லைக் கேட்டான், வேலையைப் பற்றிச் சொன்னான். அரை மணி நேரம் ஒரே ஓட்டமாகப் பேசினான். சிரிக்கக்கூடச் செய்தான். எனக்கு மூச்சு வந்தது. அவன் காதில் அது விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் 'டொக்' என்று கேட்டது.

"அத்தாவுக்கு." டொக். "அத்தாவுக்கு என் சலாம் சொல்லுங்க." டொக். "தொண்டை சரியாகற வரைக்கும் அவங்களைப் பேசச் சொல்லாதீங்க." டொக். டொக். "இரும வைக்கவும் வேணாம்." டொக். "அம்மா, நீங்க தனியா உக்காராதீங்க. பக்கத்துல யாரையாவது வச்சுக்குங்க." டொக்.

நான் எண்ணினேன். அந்த ஐந்தாறு வரிகளுக்குள் ஏழு தடவை நிறுத்தியிருந்தான். அரை மணிப் பேச்சில் ஒருமுறைகூட நிறுத்தாதவன், அந்த இடத்தில் குரல் சரியாக வரும்வரை நிறுத்தி நிறுத்தி, தொண்டையைத் தேற்றிக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாக வைத்திருந்தான். நடுவில் எவ்வளவு நேரம் போனது என்று நாடாவில் இருக்காது.

பிறகு ஸ்பீக்கரில் போட்டு அவர்களும் கேட்டார்கள். ஷமீம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பாத்தீங்களா மாமு, அவருக்கு ஒண்ணும் தெரியல."

"என் இருமல் அப்படி. மச்சானே வந்து இருமினாக்கூட இந்த மாதிரி வராது" என்றார் மாமு. சொல்லிவிட்டு அவர் மட்டும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் காதில் அந்த டொக் சத்தம் கசங்கிய நாடாவின் சத்தமாகத்தான் விழுந்தது. சார் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு சுவரில் தொங்கிய ஆட்டுத் தோலைப் பார்த்தபடி நின்றார். அவர்கள் போகும்வரை திரும்பவில்லை.

கதீஜாம்மாவும் வீட்டில் அந்தக் கேசட்டைக் கேட்ட பிறகு, அடுத்த வாரம் பதில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். வியாழக்கிழமை. நான் பழைய குண்டுத் தலை மைக்கை எடுத்துப் போனேன். வாய்க்கு நேராகச் சொல்வதைத் தவிர வேறெதையும் அது எடுக்காது. இனி என்னால் ஒரு தப்பு நடக்காது என்று மனதில் ஒரு சின்ன சமாதானம். ஷமீம் குழந்தையைக் குளிப்பாட்டப் பின்பக்கம் போயிருந்தாள். கதீஜாம்மா மைக்கையே பார்த்தார்.

"அன்னைக்குக் கொண்டாந்தது இது இல்லையே."

"இது பழசும்மா. வாய்கிட்ட பேசறதை மட்டும்தான் எடுக்கும்."

"அப்போ அது?"

"அது எல்லாப் பக்கமும் எடுக்கும்மா" என்றேன்.

அவர் உள்ளறைத் திரையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவுதான் நான் சொன்னது. ஒன்றரை மாதமாகச் சொல்ல முடியாததைத் தலை குனிந்துதான் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு என்னை வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் கை துப்பட்டா முனையைச் சுருட்டியது, பிரித்தது.

"அதான் பக்கத்துல யாரையாவது வச்சுக்கன்னு சொன்னானா" என்றார் கடைசியில். "புள்ள நம்ம மனசு நோவக்கூடாதுன்னு தெரியாத மாதிரியே பேசியிருக்கான்."

பின்பக்கம் ஷமீம் குழந்தையோடு பேசிச் சிரிப்பது கேட்டது. கதீஜாம்மா குரலைத் தாழ்த்தினார்.

"இவங்க யாருக்கும் சொல்லாதே. தெரியலன்னே இருக்கட்டும். இன்னைக்கு வேணாம், நாளைக்கு வா. ஜும்ஆ நேரத்துக்கு வா, டிரம் நிக்கும். அந்த மைக்கையே கொண்டா."

எனக்கு முதலில் புரியவில்லை. திரைக்குப் பின்னால் இருந்து இந்தத் தடவை மகனிடமே பேசப் போகிறார் என்று வழியில்தான் உறைத்தது. திரும்பி வந்து சாரிடம் சொன்னேன். அவர் அந்த மைக்கைத் திறந்து புதுப் பேட்டரி போட்டுக் கொடுத்தார்.

ஜெனிட்டா, உன் கேள்விக்கு வருகிறேன். ஒரே மைக் வாங்கத்தான் பணம் என்றால், முன்னால் இருப்பதை மட்டும் எடுக்கிற கெட்டியான ஒன்றை வாங்கு. முதுகுப்புறம் சாவியைக் குலுக்கிப் பார்த்து வாங்கு. வீட்டில் பதிவு செய்கிறவர்களுக்கு அதுதான் நல்லது. சமையலறை, தெரு, பக்கத்து வீடு எதுவும் உள்ளே வராது. எல்லாப் பக்கமும் எடுக்கிறது வேண்டுமென்றால், ஹெட்போனைப் போட்டுக்கொண்டு யாரும் பேசாத நேரத்தில் அந்த இடத்தை ஐந்து நிமிடம் கேள். திரைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு ரெக்கார்டை அழுத்து. முப்பத்தைந்து வருடம் இந்த வேலையில் இருந்து எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

கதீஜாம்மா சொன்னபடி மறுநாள் ஜும்ஆ நேரத்துக்குப் போனேன். டேனரி நின்றதும் தெருவே அமைதியானது. மைக்கைத் தலையணைமேல் வைத்தேன். கதீஜாம்மா சலாம் சொன்னார், அத்தா நல்லா இருக்காங்க என்றார். இந்தத் தடவை இருமல் இல்லை. ஷமீமைப் பேசச் சொல்லிவிட்டு எழுந்து உள்ளறைக்குப் போனார். திரையை இழுத்தவர், முழுதும் மூடாமல் ஒரு கையகலம் விட்டார்.

ஷமீம் பேசி முடித்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். நான் ஸ்டாப்பை அழுத்தவில்லை. ஹெட்போன் பையிலேயே இருந்தது. முள் கொஞ்சம் எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. அந்தப் பக்க நாடா தீரும்வரை நான் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.